சாமி காட்டுல எடுத்தவ

பாலையேந்தல் விலக்குல திரும்பி உள்ரோட்டுல வந்தீங்கன்னா, ஊருக்கு முன்னாடியே சோலார் கம்பெனி வேலி ஆரம்பிச்சுரும். கேட்டுக்கு வெளிய ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கெடக்கும். அது மருதாயி அக்கா செருப்பு. உள்ள ஷூ போட்டுத்தான் நடக்கணும்னு சூப்பர்வைசர் தெனமும் கத்துறான், ஷூவும் வாங்கிக் குடுத்திருக்கான். அக்கா அதக் காதுலயே போட்டுக்காது. செருப்ப வாசல்ல கழட்டிட்டு, வெறுங்காலோட போயி, சோலார் பலகைய ஒவ்வொண்ணா தண்ணி ஊத்தித் தொடைக்குது. கீழ சரளைக்கல்லு கொதிக்கும். அதப் பாத்துட்டு ஊர்ல பைத்தியம்னு பேசிக்கிறாங்க. பேசுறவன் யாரு யாருன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் எனக்கு எரியுது.

நான் மீன்காரன். பேரு ராஜா முகமது, ஊரு ஜெகதாப்பட்டினம். காலையில ஏலத்துல மீன எடுத்து, பொட்டியில ஐஸ் அடிச்சு, டி.வி.எஸ் வண்டியில கட்டிக்கிட்டு மீமிசல் தாண்டி உள்நாட்டுப் பக்கம் வந்து விப்பேன். கடலுக்குப் போன போட்ட அந்த நாட்டு நேவிக்காரன் புடிச்சு வச்சுக்கிட்டான்னா அன்னைக்கி மீன் இல்ல, யாவாரம் இல்ல, வீட்டுக்காரி பவுசியா மூஞ்சியப் பாக்க முடியாது. கடல நம்பிப் பொழைக்கிறவனுக்குக் காட்டப் பத்திப் பேச என்ன யோக்கியதைன்னு கேக்கலாம். இருக்கு. அந்தக் காடு மட்டும் இல்லேன்னா என் மீனு பாதி நாளு பொட்டியிலயே நாறிப் போயிருக்கும்.

இப்ப வேலி இருக்கிற எடம் பூராவும் அப்ப ஐயனார் கோயில் காடு. பாலை மரமும் வீர மரமும் கொடியோட கொடியா பின்னிக்கிட்டு நிக்கும். பகல்லயே உள்ள மங்கலா இருக்கும். நடுவுல ஒரு ஊருணி, சுத்துப்பட்டு வறண்டாலும் அது வத்தாது. வாசல்ல வரிசையா மண்குதிரைக, அதுகளுக்குப் பின்னாடி ஐயனார். சைவச் சாமிங்கிறதால மீன் வண்டிய நான் வாசப்பக்கம் கொண்டு போக மாட்டேன், தெக்கோரத்துல நிறுத்துவேன். உச்சி வெயில்ல அங்க வந்து நிறுத்துனா, கரையப் போற ஐசு அப்படியே அடங்கி நிக்கும். பொம்பளைக அங்க வந்துதான் மீன் வாங்குவாங்க.

நான் அங்கிட்டு போக ஆரம்பிச்ச புதுசு. காட்டுக்குள்ளேருந்து ஒரு பொம்பளை தலையில சுள்ளிக்கட்டோட வருது. பேரு அழகி, அதுக்கு முந்தின நாளுதான் எங்கிட்ட சூடை மீன் வாங்குச்சு. மொகம் தெரிஞ்ச ஆளாச்சேன்னு, என்ன தங்கச்சி, இன்னைக்கி வெறகு நெறையா போலன்னு சும்மா கேட்டு வச்சேன். நான் அவள அடிச்சுப்புட்ட மாதிரி என்னையப் பாத்தா. எந்த வெறகு, எங்க வெறகுங்கிறா. தலையில கட்டு இருக்கு, எந்த வெறகுன்னு எங்கிட்டயே கேக்குறா. எனக்கு ஒண்ணும் புரியல. அவளுக்குப் பின்னாடி வந்த இன்னொரு பொம்பளை, மடி நெறைய என்னமோ கட்டிக்கிட்டு வந்தது, விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அதான் மருதாயி அக்கா. அழகிய முன்னாடி அனுப்பிட்டு, என்னைய ஓரமா கூப்புட்டு, வெவரம் தெரியாம வாயக் குடுக்காத தம்பின்னு சொல்லிக் குடுத்துச்சு.

அந்த ஊருக் கணக்கு இதுதான். காட்டுக்குள்ள செருப்பு போகக் கூடாது, இரும்பு போகக் கூடாது. பச்சை மரத்துல கை வைக்கக் கூடாது. தானா விழுந்ததயும், கொடியில வேர் எலையயும் கையால எடுத்துக்கலாம். ஆனா எடுத்ததச் சொல்லக் கூடாது, எடுத்தவகிட்டக் கேக்கவும் கூடாது. சொல்லாத வரைக்கும் அது சாமி குடுத்தது. வாயத் தொறந்து எடுத்தேன்னு சொல்லிட்டா களவு, ஊரு கூடி தெண்டம் போடும், ஐயனாருக்கு ஒரு மண்குதிரை செஞ்சு வச்சாகணும். அதனால அந்த ஊர்ல எல்லாரும் எடுப்பாங்க, யாரும் எடுத்ததே கெடையாது.

மொதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, எங்க கரையில மட்டும் என்ன வாழுது? வல நெறைய மீனோட வந்து எறங்குறவன்கிட்ட எவ்வளவு பாடு, எவ்வளவு மீன் பட்டுச்சுன்னு கேட்டுப் பாருங்க. ஒண்ணுமில்ல பாய், சும்மாதான் வந்தோம்பான். சொன்னா போயிரும்னு பயம். கடல் குடுக்குறதயும் காடு குடுக்குறதயும் வாய்விட்டுச் சொல்றதுக்கு மனுசனுக்கு என்னமோ ஒரு கூச்சம்.

மருதாயி அக்கா திருமயம் பக்கத்துலேருந்து வாக்கப்பட்டு வந்தது. புருஷன் கேரளாவுக்குக் கல் ஒடைக்கப் போனான், போன எடத்துல இன்னொரு குடும்பத்தப் புடிச்சுக்கிட்டு அங்கயே தங்கிட்டான். கையில எளமதின்னு ஒரு பொம்பளப் புள்ள, மழைய நம்பின துண்டு நெலம், ரெண்டு ஆடு. அக்கா அழுதுக்கிட்டு ஒக்காரல. விடிஞ்சதும் காட்டுக்குள்ள போகும். கோடையில உதிர்ந்த பாலைப்பழத்தப் பொறுக்கி பஸ் ஸ்டாண்டுல கூறு கட்டி விக்கும். மழை விட்டா நன்னாரி வேரக் குச்சியால நோண்டி எடுத்து, சிறுகுறிஞ்சான் எலைய ஒணத்தி, அறந்தாங்கி நாட்டு மருந்துக் கடையில கொண்டு போயி போடும். அடுப்புக்குச் சுள்ளி. ஆட்டுக்கு ஊருணித் தண்ணி. அந்தக் காடுதான் எளமதிய நர்ஸ் படிக்க வச்சுச்சு. இத நான் சொல்றேன். அக்கா ஒரு நாளும் சொன்னதில்ல.

ஆனா சாமிகூட மட்டும் நல்லாச் சண்ட போடும். பழம் கொறைஞ்ச வருசம், என்ன ஐயனாரே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, எம்புள்ளைக்கு யாரு பீஸ் கட்டுறதுன்னு, குதிரைக்கு முன்னாடி நின்னு மல்லுக்கட்டும். நான் வண்டியில ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். எங்க பள்ளிவாசல்ல போயி நான் அப்படிக் கத்துனா தூக்கி வெளிய போட்டுருவாங்க. எனக்கு அக்காவப் பாத்தா பொறாமையாக்கூட இருக்கும்.

அக்காவும் அழகியும் சேந்துதான் போவாங்க, சேந்துதான் வருவாங்க. அழகி புருஷன் பனையிலேருந்து விழுந்து இடுப்பு போயி, வீட்டோட கெடந்தான். ரெண்டு சின்னப் புள்ளைக. பொறுக்கின பழத்துல பாதி, வித்த வேருல பாதின்னு அக்கா அவளுக்குத் தள்ளிரும். எங்கிட்ட மீன் வாங்குனாலும் அதே கத. ரெண்டு பையில போடு தம்பின்னு சொல்லும். ஒண்ணு அதுக்கு, ஒண்ணு அழகிக்கு. அழகி வாங்க வராத நாள்லயும் அழகி வீட்டுல கொழம்பு கொதிக்கும். கூடப் பொறந்தவகூட அப்படிப் பாக்க மாட்டா.

இப்படி இருக்கயிலதான் கம்பெனிக்காரன் வந்தான். காடு கோயில் பேருல இல்ல, சர்க்காரு கணக்குல அது தரிசுப் புறம்போக்கு. அத வாங்கி சோலார் போடப் போறாங்கன்னு பேச்சு. ஊரு கொதிச்சுச்சு. பழைய பிரசிடெண்டு வெற்றிசெல்வன், டிராக்டர் வச்சிருக்கிறவரு, ஐயனார் காட்டுல கை வச்சவன் வம்சம் வெளங்காதுன்னு கடைத்தெருவுல நின்னு சத்தம் போட்டாரு. நெசமாவே அவருக்கு அந்த நம்பிக்க இருந்துச்சு, அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்.

கம்பெனி வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, விசாரிக்க ஒரு பையன அனுப்புனாங்க. அரவிந்த்குமார்னு பேரு, சின்ன வயசு, மரியாதையான புள்ள. அவனக் குத்தம் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஊரக் கூட்டி வச்சு அவன் தெளிவாத்தான் சொன்னான். இந்தக் காட்ட நம்பி சனங்க பொழைக்கிறாங்கன்னா நான் அதச் சொல்லிருவேன், கம்பெனி வேற எடம் பாத்துக்கும். யாருக்கும் ஒண்ணும் கெடைக்கலேன்னா இது வெறும் தரிசுதான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால என்ன என்ன எடுக்குறீங்களோ மனசு விட்டுச் சொல்லுங்க, யாரு மேலயும் கேஸ் வராது. இத ஒருக்க இல்ல, திரும்பத் திரும்பச் சொன்னான்.

எல்லாம் சரி. கூட்டத்த எங்க போட்டாங்க தெரியுமா? வெயிலுக்கு நெழலு வேணும்னு, வெற்றிசெல்வன் நாற்காலிய எல்லாம் கொண்டாந்து ஐயனாருக்கு நேர் எதிர்ல, அந்த மரத்தடியிலயே போட்டுட்டாரு. சாமி பாத்துக்கிட்டு இருக்கு. யாரு வாயத் தொறப்பா?

மொதல்ல எந்திரிச்ச பெரிய மனுசன், ஒரு குச்சி எடுத்ததில்ல சார்ன்னாரு. அடுத்தவரு சும்மா விடுவாரா, எல கூட எடுத்ததில்லன்னாரு. அதுக்கும் அடுத்தவரு, காத்துல பறந்து தெருவுக்கு வந்த எலையக்கூட கூட்டி உள்ளதான் சார் தள்ளுவோம்னாரு. பழம்? ஐயையோ. தேனு? கேக்காதீங்க சார், பாவம். தண்ணி? அது சாமி தண்ணி. வெற்றிசெல்வன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, எங்க ஊரு ஆடு மாடு கூட இந்த எல்லையத் தாண்டாதுன்னாரு. அவரு அதச் சொல்லும்போது அவரு மாட்டோட கழுத்து மணி காட்டுக்குள்ளேருந்து கணகணன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. இப்ப நெனச்சா சிரிப்பு வரல.

அவங்க காட்டக் காட்டிக் குடுக்கணும்னு அப்படிப் பேசல. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம், இவ்வளவு பயபக்தியா இருக்கோம், இதுக்கு மேல எவன் கை வைப்பான்னு நெனச்சாங்க. அந்தப் பையன் மூஞ்சி சுருங்கிக்கிட்டே வருது. அப்ப உங்களுக்கு இதனால எந்தப் பயனும் இல்லையான்னு பாவமா கேக்குறான். ஒண்ணுமில்ல சார்னு மொத்த ஊரும் பெருமையா தலைய ஆட்டுது.

நானும் குறுக்க வாய விட்டேன். சார், நான் இங்க நிறுத்தித்தான் மீன் விக்கிறேன், இந்த நெழல்லதான் என் ஐசு நிக்குதுன்னேன். ஊரே சிரிச்சுச்சு. பாய் எந்த ஊரு, இதுல பாய்க்கு என்ன வேலைன்னு ஒருத்தர் கேட்டாரு. வெளியூர் ஆளு சொல்றத எடுத்துக்க முடியாதுங்கன்னு அரவிந்த்குமாரும் சொல்லிட்டான்.

அப்பத்தான் பொம்பளைக பக்கத்துலேருந்து மருதாயி அக்கா எந்திரிச்சுச்சு. மொகம் வெளுத்துப் போயிருந்துச்சு. ஐயனாரப் பாக்கல, அந்தப் பையன மட்டும் பாத்துச்சு.

"நான் எடுக்குறேன் சார். சுள்ளி எடுக்குறேன், பழம் எடுக்குறேன், வேர் எடுக்குறேன், எலை எடுக்குறேன். எம்புள்ளைய இதுலதான் வளத்தேன். இது போச்சுன்னா எனக்குப் பொழப்பு இல்ல. எழுதிக்கங்க."

அந்தப் பையனுக்கு இப்பத்தான் உசுரு வந்துச்சு. நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு, நல்லதுங்கம்மா, உங்க ஒருத்தர மட்டும் வச்சு நான் ஒண்ணும் பேச முடியாது, கூட வேற யாரு எடுப்பாங்க, பேரு சொல்லுங்கன்னு கேட்டான். அக்கா திரும்பி அழகியப் பாத்துச்சு. நானும் பாத்தேன். அழகி தலையக் கவுத்துக்கிட்டு, கால் பெருவெரலால மண்ணுல கோடு இழுத்துக்கிட்டு இருந்தா. அவளே எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவளுக்குப் பின்னாடி நாலு பேரு எந்திரிச்சிருப்பாங்க. அவ எந்திரிக்கல. அக்கா நெனச்சிருந்தா அங்கயே அத்தன பேரு வண்டவாளத்தயும் ஏத்தியிருக்கலாம். வெற்றிசெல்வன் மாட்டுலேருந்து பூசாரி வீட்டு அடுப்பு வரைக்கும் அதுக்குத் தெரியாதது இல்ல. அழகிகிட்டேருந்து கண்ண எடுத்துட்டு அந்தப் பையன் பக்கம் திரும்புச்சு.

"எனக்குத் தெரிஞ்சது என்னைய மட்டும்தான் சார்."

அவ்வளவுதான் சொல்லுச்சு. ஒக்காந்துருச்சு. வெற்றிசெல்வன் அந்தப் பையன் தோள்ல கை போட்டு, அது புருஷன் போனதுலேருந்து ஒரு மாதிரி சார், ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்கன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அடுத்த வெள்ளிக்கிழமையே ஊர் கூடி தெண்டம் போட்டாங்க. ஐயனாருக்கு ஒரு குதிரை. அக்கா குதிரை செய்யக் குடுத்துச்சு, வச்சுச்சு, விழுந்து கும்புட்டுச்சு. அதோட விட்டாங்களா? திருவிழாவுக்கு அக்கா வீட்டு வரிய வாங்கல. அந்த ஊர்ல ஒரு வீட்டு வரிய வாங்கலேன்னா அந்த வீடு ஊர்ல இல்லேன்னு அர்த்தம். நல்லது கெட்டதுக்குச் சொல்ல மாட்டாங்க. அழகி எதிர்ல வந்தா கூட தலையத் திருப்பிக்கிட்டுப் போனா. ரெண்டாவது பைய அக்கா எங்கிட்டயே குடுத்து, போற வழியில அவ வீட்டு வாசல்ல மாட்டிட்டுப் போ தம்பின்னு சொல்லும். மாட்டுவேன். மறுநாள் பை இருக்காது. எடுத்துக்கிட்டா, ஆனா பேசல. இதுலயும் அதே கதைதான்.

பொங்கல் கழிஞ்சு மரம் தள்ளுற மெஷின் வந்துச்சு. ஊரே நின்னு பாத்துச்சு. யாரும் போயி மறிக்கல, ஐயனார் பாத்துக்குவாருன்னு நின்னாங்க. டிரைவரு ரத்தம் கக்குவான், மெஷினு கவுந்துரும்னு காத்திருந்தாங்க. ஒரு நாளு மெஷினு நெசமாவே நின்னுருச்சு. சூடம் கொளுத்தி தேங்கா ஒடச்சுக் கொண்டாடுனாங்க. சாயங்காலம் புதுக்கோட்டையிலேருந்து மெக்கானிக்கு வந்து, என்னமோ ஓஸ் குழாய மாத்திட்டு, தேங்காப் பல்லு ரெண்டு வாங்கித் தின்னுட்டுப் போனான். மறுநாளு மறுபடி மரம் விழுந்துச்சு.

சாமி ஏன் தடுக்கலேன்னு ஒரு கேள்வி வருமில்ல? அதுக்கும் பதில் கண்டுபுடிச்சுட்டாங்க. மருதாயி வாயத் தொறந்தா, களவச் சொல்லி எடத்தத் தீட்டாக்கிட்டா, ஐயனார் கெளம்பிப் போயிட்டாரு. அத ஒரு ஆளு சொன்னான், மறுநாளு ஊரே சொல்லுச்சு. பெரிய மரத்த எல்லாம் காண்ட்ராக்டர் லாரியில ஏத்திக்கிட்டு, கெளைய வேணும்னா நீங்க எடுத்துக்கங்கன்னான். சாமிதான் போயிருச்சே, இனி அது வெறகுதானே. அருவாளோட வந்தாங்க, கோடாலியோட வந்தாங்க, செருப்புக் காலோட வந்தாங்க. வெற்றிசெல்வன் டிராக்டரு அங்கிட்டும் இங்கிட்டும் நடை அடிச்சுச்சு. எனக்கு ரெண்டு லோடு, ஒனக்கு எத்தனைன்னு ரோட்டுல நின்னு சத்தமா பேசுனாங்க. வெறகு எடுத்தோம்னு அந்த ஊர்க்காரங்க வாய்விட்டுச் சொல்லி நான் மொத மொதல்ல அன்னைக்கித்தான் கேட்டேன். மருதாயி அக்கா வீட்டுல அன்னைக்கி கேஸ் அடுப்பு. காட்டுப்பக்கமே வரல.

கம்பெனி ஐயனாருக்கும் குதிரைகளுக்கும் ஒரு ஓரமா தகரக் கூரை போட்டுக் குடுத்துருச்சு. ஊருணி இருந்த எடம் ஒரு குழியாக் கெடந்து, பங்குனிக்கு முன்னாடியே வெடிச்சுப் போச்சு. எனக்கும் நிறுத்த நெழலு இல்ல. மத்தியானத்துக்குள்ள வித்து முடிக்கலேன்னா மீன் கொழகொழன்னு ஆயிரும், பாதி வெலைக்குத் தள்ளிட்டு ஓடணும்.

கத அங்க முடிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. வெளி ஊர்ல எங்கயோ இதே மாதிரி எடத்துல பிரச்சினை ஆகி, மேல யாரோ கேள்வி கேட்டுருப்பாங்க போல. கம்பெனி ஒரு அறிவிப்புக் குடுத்துச்சு. இந்தக் காட்ட நம்பிப் பொழச்ச குடும்பத்துக்கு எல்லாம், வீட்டுக்கு ஒரு ஆளுக்கு வேல. பலகை தொடைக்க, வாட்ச்மேன் பாக்க, புல்லு வெட்ட. மாசச் சம்பளம், பி.எஃப். அந்தப் பக்கத்துல அப்படி வேலையக் கண்ணால பாத்தவன் கெடையாது. அரவிந்த்குமார் கணக்குல அப்படிப் பொழச்சதா இருந்த ஒரே ஆளு யாரு? மருதாயி.

அடேங்கப்பா, அந்த வாரம் நீங்க பாத்திருக்கணும். தள்ளி வச்ச வீட்டு வாசல்ல வண்டி நிக்குது, சைக்கிள் நிக்குது. வெற்றிசெல்வன் தட்டுல வெத்தல பாக்கு வச்சு எடுத்துக்கிட்டு, என்ன மருதாயி, ஒன் வீட்டு வரி பாக்கி இருக்காமே, குடு தாயின்னு பல்லக் காட்டிக்கிட்டு வந்தாரு. எவன் வாங்க மாட்டேன்னானோ அவனே கேட்டு வாங்குறான். வந்த எல்லாரும் கேட்டது ஒண்ணுதான். அந்த சாரு மறுபடி வாராரு, ஒன் பேச்சத்தான் அவரு நம்புவாரு, எங்க வீடும் எடுத்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அக்கா எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்துச்சாம். சரின்னும் சொல்லலியாம், மாட்டேன்னும் சொல்லலியாம்.

அழகியும் போயிருக்கா. இத அக்காதான் எங்கிட்ட சொல்லுச்சு. அவ வந்து ஒக்காந்தா தம்பி, ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தா, புள்ளைக படிப்பப் பத்திப் பேசுனா, புருஷன் இடுப்பப் பத்திப் பேசுனா. அன்னைக்கித் தலையக் குனிஞ்சேனே அக்கான்னு ஒரு வார்த்த வரும்னு பாத்தேன், வரல. எந்திரிச்சுப் போயிட்டா. இதச் சொல்லயில அக்காவுக்குக் கோவம் இல்ல.

ரெண்டாவது கூட்டமும் அதே எடம்தான். நெழலு இல்ல, அதனால பந்தல் போட்டிருந்தாங்க. அந்தப் பையன் வந்து ஒக்காந்ததும் ஆளுக்கு ஆள் முந்திக்கிட்டு எந்திரிச்சாங்க. அதே வாயி. மூணு தலமுறையா எங்க வீட்டு அடுப்பு இந்தக் காட்டு வெறகுலதான் சார் எரிஞ்சுச்சு. எங்க அப்பன் காலத்துலேருந்து தேன் எடுப்போம் சார். எலையக் கூட்டி உள்ள தள்ளுவோம்னு சொன்ன ஆளு, அந்த எலையத்தான் சார் எங்க வயலுக்கு எருவாப் போடுவோம்னாரு. வெற்றிசெல்வனுக்கு அன்னைக்கி மாடு மேஞ்ச கணக்கு பூரா ஞாபகம் வந்துச்சு. இதுல ஒண்ணு பாருங்க, அன்னைக்கிச் சொன்னதுதான் பொய்யி, இன்னைக்கிச் சொன்னது அத்தனையும் நெசம். அந்த நெசத்த இவங்க சொன்னப்ப கேக்குறதுக்கு அங்க ஒரு மரம் இல்ல.

அரவிந்த்குமார் கையெடுத்துக் கும்புட்டான். போன தடவ நீங்க சொன்னத நம்பித்தாங்க நான் போயிச் சொன்னேன், இப்ப நான் யாரு பேச்ச எடுத்துக்கிட்டுப் போறதுன்னு கேட்டான். அப்புறம் பொம்பளைக பக்கம் திரும்பி, அம்மா, நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா நான் ஏத்துக்கிறேன், இவங்க எல்லாம் எடுத்தாங்களான்னான். மருதாயி அக்கா எந்திரிச்சுச்சு. ஊரு மொத்தமும் அது வாயையே பாக்குது. அழகி எந்திரிச்சு ரெண்டு எட்டு முன்னாடி வந்துட்டா. கண்ணுல தண்ணி.

"அக்கா, நம்ம ஒண்ணாத்தானக்கா போனோம். சொல்லுக்கா."

அக்கா அவள நல்லாப் பாத்துச்சு. எனக்குத் தெரியும், அன்னைக்கி அந்தக் கண்ணு கீழ பாத்துக்கிட்டு இருந்ததத்தான் அது பாத்துச்சு.

"எனக்குத் தெரிஞ்சது என்னைய மட்டும்தான் சார்."

சொல்லு மாறல, கொரலு மாறல. மொதத் தடவ அத்தன பேரு மானத்தக் காப்பாத்துன அதே சொல்லு. வெற்றிசெல்வன் மூஞ்சியில ஈயாடல. ஒருத்தனாலயும் நாக்கு மேல பல்லப் போட்டு நீ பொய் சொல்றேன்னு சொல்ல முடியல, ஏன்னா அன்னைக்கி அதையே கேட்டுக்கிட்டு ஊமையா ஒக்காந்திருந்தவங்கதானே எல்லாரும். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. மறைக்க மாட்டேன், துள்ளிக் குதிக்கணும் போல இருந்துச்சு. வண்டிய எடுக்கத் திரும்புனா, பந்தக் காலப் புடிச்சுக்கிட்டு அழகி அப்படியே ஒக்காந்துட்டா. கிட்டப் போயித் தூக்க ஒரு ஆளு இல்ல. மீமிசல் போயிச் சேர்றதுக்குள்ள அந்தச் சந்தோஷம் வாயெல்லாம் கசந்துச்சு.

வேல அக்கா ஒருத்திக்கு மட்டும்தான் கெடச்சுச்சு. வெற்றிசெல்வனுக்கு ஒண்ணும் ஆகல. அவருக்கு டிராக்டர் இருக்கு, வயல் இருக்கு. அழகிதான் படுத்த புருஷனயும் புள்ளைகளயும் கூட்டிக்கிட்டு திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டா. வீடு பூட்டிக் கெடக்கு. நான் பொறுக்க முடியாம ஒரு நாளு அக்காகிட்டக் கேட்டுட்டேன். அழகி ஒருத்தி பேர மட்டுமாவது சொல்லியிருக்கலாமேக்கா. அக்கா கைய முந்தானையில தொடச்சுக்கிட்டே, நானும் ராத்திரியெல்லாம் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்குறேன் தம்பின்னு சொல்லுச்சு.

போன வாரம் கம்பெனி கேட்டு முன்னாடி வண்டிய நிறுத்துனேன். வேலைக்குப் போற நேரம், அக்கா செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வந்துச்சு. சூடை மீனப் பாத்துட்டு, எதையோ நெனச்சுக்கிட்டே, ரெண்டு பையில போடு தம்பின்னுச்சு. நானும் பழக்கத்துல போட்டுட்டேன். ஒரு பைய வாங்கிக்கிட்டு, என் கையில தொங்குற இன்னொரு பையப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் அதையும் வாங்கிக்கிட்டு, வெறுங்காலோட உள்ள போயிருச்சு.